ஒரு மணியில் இரட்டித்த ஒளி

காலத்தைக் கிடையாகவும் ஒளியின் அளவை நெடுக்காகவும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குறித்தால் கிடைப்பது ஒளிவளைவு. பள்ளிக்கூட கிராஃப் தாளே போதும். எனக்கு அது கோலம் மாதிரி அழகு.

ஜெயங்கொண்டத்து மொட்டைமாடியில் கோடை இரவில் வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் தெரியும். அந்தத் திசையில், ஏறக்குறைய 40 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது மார்க்கேரியன் 421 என்னும் விண்மீன் திரள். 1996 மே மாதம் அதன் காமா ஒளி ஒரு மணி நேரத்தில் இரட்டித்ததை அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி பதிவு செய்தது. வளைவில் அது செங்குத்தான ஓர் ஏற்றம்.

நம்ம ஊர்ப் பக்கத்துப் பொன்னேரி என்னும் பெரிய ஏரி நிரம்பப் பல மழை வேண்டும். வாசல் குழி ஒரே மழையில் நிரம்பிவிடும். இங்கும் அதே கணக்குதான். ஒளியை மிஞ்சிய வேகம் கிடையாது; பெரிய இடமானால் மாற்றம் அது முழுக்கப் பரவவே நெடுநேரமாகும். எனவே சட்டென்று மாறும் ஒளி, சின்ன இடத்திலிருந்துதான் வரமுடியும். அந்தப் பெருந்திரளுக்குள் சூரியக் குடும்பத்தோடு ஒப்பிடத்தக்க ஒரு மூலையே அப்படிக் கொதித்திருக்கிறது. நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து நம் பக்கமாகப் பாயும் தாரையில் அது நடக்கிறது.

எந்தப் படத்திலும் பிரித்துக் காணமுடியாத அந்த மூலையை அளந்து சொன்னது ஒரு கோடு. இத்தகைய ஒளியைப் பிடிக்க, லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது.