குருமடத்தில் எது பாவம், எது குறை

கிறிஸ்தவத்துக்குள் இருக்கிற சாதி பற்றி நம்ம ஆட்கள் எழுதியது கொஞ்சநஞ்சமில்லை. கல்லறைக்கு நடுவே சுவர், தேர் வராத தெரு, கோயிலில் தனி இடம் எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் அந்தக் கோயிலுக்கு வருகிற சாமியார் எங்கே, எப்படித் தயாரிக்கப்படுகிறார் என்று பார்த்த எழுத்து குறைவு. குருமடத்து மதில் உயரம். நான் ஐந்து வருஷம் அந்த மதிலுக்குள் இருந்தவன். அதனால் அங்கே நடப்பதையும் அவர்களுடைய ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன்.

மறைமாவட்டம்தோறும் குருமடம் வேண்டும் என்று திரிதெந்தின் சங்கம் ஆணையிட்டது 1563இல். ஏழை வீட்டுப் பிள்ளைகளையே முதன்மையாகச் சேர்க்க வேண்டும், பணக்காரப் பிள்ளைகளைத் தள்ளவும் வேண்டாம், அவர்கள் தங்கள் செலவில் படிக்கட்டும் என்றது அந்த ஆணை. நல்ல ஆணைதான். ஆனால் இது வந்து சேர்ந்த மண் எப்படிப்பட்டது? 1606இல் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அந்த மிஷனில் மேல்சாதிக்குச் சந்நியாசிச் சாமி, கீழ்ச்சாதி எனப்பட்டவர்களுக்குப் பண்டாரச்சாமி என்று சாமியாரையே பிரித்து வைத்தார்கள். ஆக, இங்கே குரு என்கிற உருவமே ஆரம்பத்தில் சாதி உடுப்பு போட்டுத்தான் வந்தது.

1992இல் இரண்டாம் ஜான் பால் குருத்துவப் பயிற்சி பற்றி ஓர் ஊக்கவுரை வெளியிட்டார். மனிதப் பயிற்சி, ஆன்மிகப் பயிற்சி, அறிவுப் பயிற்சி, மேய்ப்புப்பணிப் பயிற்சி என்று நாலாகப் பிரித்து, மனிதப் பயிற்சிதான் மற்றதுக்கெல்லாம் அடித்தளம் என்கிறது அது. குரு ஆணவக்காரனாக, சண்டைக்காரனாக இருக்கக் கூடாது, இனிமையாகப் பழக வேண்டும். சரிதான், யார் வேண்டாமென்பது? ஆனால் 'இனிமை' என்பதை யார் அளக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

குருமடத்தில் சமூக வாழ்வு என்றால் ஒரே மணி, ஒரே சோறு, ஒரே ஜெபம். வேலை முறைப்பட்டியலில்கூட வித்தியாசம் கிடையாது. கக்கூஸ் கழுவுகிற முறை எல்லோருக்கும் வரும். வெளியிலிருந்து வருகிறவர் பார்த்தால் அசந்துபோவார். ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே, "தம்பி எந்தப் பங்கு?" என்று கேட்பார்கள். பங்கைச் சொன்னால், "கோயில் பக்கமா, அந்தப் பக்கமா?" தெருவைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடும், சாதி என்ற சொல் வாயில் வரவே வராது. லீவு முடிந்து வந்தால் ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் முறுக்குத் தின்பார்கள். இன்னொரு பெட்டிக்காரன் தன் அம்மா சுட்டதைத் தானே நாலு நாள் தின்று தீர்ப்பான். இதுக்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? கலைவிழா வந்தால் மட்டும் பறை வேண்டும். "டேய், உனக்குத்தான் ரத்தத்திலேயே இருக்கே" என்பார்கள், பாராட்டாம் அது.

பேச்சும் அப்படித்தான். வகுப்பு இங்கிலீஷில், பிரசங்கம் செந்தமிழில். நம்ம தெருப் பேச்சு சாப்பாட்டு மேசையில் வந்தால் சிரிப்பு. இந்தச் சிரிப்புக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் மனிதப் பயிற்சி.

இதைக் கேட்டால்தான் வினை. "இங்கே நாமெல்லாம் ஒரே குடும்பம், நீதான் சாதியைக் கொண்டுவாறே." எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த நம்ம பையன் ஒருவன் கேட்டான். வருஷக் கடைசி மதிப்பீட்டில் சமூக வாழ்வுக்கு நேரே 'ஒட்டவில்லை, தாழ்வு மனப்பான்மை' என்று எழுதினார்கள்.

இங்கே திருச்சபைச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 240ஆம் பிரிவுப்படி ஒரு மாணவனைப் பட்டத்துக்கு அனுமதிப்பது, வெளியேற்றுவது பற்றி அவனுடைய ஆன்ம குருவிடமோ பாவசங்கீர்த்தனம் கேட்டவரிடமோ கருத்துக் கேட்கக் கூடாது. மனசாட்சிக்குப் பாதுகாப்பு அது, தேவையானதும்கூட. ஆனால் சாதிச் சமூகத்தில் இது எப்படி வேலை செய்கிறது? ஆதிக்கசாதிப் பையனுடைய சாதிவெறி ஒரு 'பாவம்'. அவன் முழங்காலில் நின்று சொல்லிவிட்டால் ரகசியமாகவே முடிந்துபோகிறது. நம்ம பையனுடைய கோபம் பாவமல்ல, 'குறை'. குறைகளைப் பேசத்தானே ஆசிரியர் கூட்டம்? அங்கே பேசி, தாளில் எழுதி, அதிபர் கையெழுத்தோடு ஆயருக்குப் போகிறது. 1051ஆம் பிரிவு கேட்கிற அதிபர் சான்றிதழில் போதனை, பக்தி, ஒழுக்கம், பணிக்கான தகுதி எல்லாம் வர வேண்டும். சக மாணவனைத் தெருப் பெயரால் அளந்தவன் தகுதியற்றவன் என்று எழுதப்பட்ட சான்றிதழை நான் கேள்விப்பட்டதேயில்லை.

இதனால்தான் மேலிருந்து வரும் நல்ல அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் வருகிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் போப், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாது என்றார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையே வெளியிட்டு, பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்றது. போராடிப் பெற்ற வார்த்தை, லேசாகத் தள்ள மாட்டேன். 'சமூகப் பாவம்' என்றால் சமூகத்தின் முன் தீர்க்கப்பட வேண்டும். ஆனால் மதிப்பீட்டுத் தாளில் அதுக்கு ஒரு கட்டமில்லாதவரை அது பாவசங்கீர்த்தனத் தொட்டியோடு நின்றுவிடும். 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கரே கத்தோலிக்கரைத் தாக்கி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அப்படிப்பட்ட பங்குக்குத்தானே இந்த இளஞ்சாமியார்கள் போகிறார்கள்?

அந்த ஊக்கவுரை வந்த அதே 1992இல்தான் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்துக்குள் போய், தாங்காமல் வெளியே வந்த பெண் எழுதியது. துறவறப் பயிற்சி ஒரு தலித் உடம்பில் என்ன செய்யும் என்று அறிய ரோமிலிருந்து ஏடு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் இருந்த குருமடத்து நூலகத்தில் 'கருக்கு' ஒரு பிரதி இருந்தது. 'நாவல்கள்' அலமாரியில் வைத்திருந்தார்கள். தத்துவ மாணவர்கள் அதை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

மேலே சொன்ன பையன் தன் மதிப்பீட்டுத் தாளைக் காட்டச் சொல்லி எழுதிக் கேட்டான். வாய்மொழியாகப் படித்துக் காட்டினார்கள், நகல் தரவில்லை. அடுத்த ஜூனில் அவன் கட்டில் காலியாக இருந்தது.