பெட்டியிருக்கைகளும் சமூகப் படிநிலையும்: விற்பி தேவாலயத் தளபாடங்கள் பற்றிய ஒரு நோக்கு

பழைய தேவாலயங்களை ஆராய்வோர் பலர் கல்லுக்கும் வளைவுக்கும் தரும் கவனத்தை மரத் தளபாடங்களுக்குத் தருவதில்லை. அவற்றை அழகுடையன, அழகற்றன என வகுப்பதோடு அமைந்துவிடுவர். யார் எங்கே அமர்ந்தனர் என்பதற்கு அவையே சான்று என்ற உண்மை இதனால் புறக்கணிக்கப்படுகின்றது. இங்கிலாந்தின் யோர்க்ஷயர்க் கடற்கரையிலுள்ள விற்பி தூய மரியாள் பங்குக் கோவில் இதனைத் தெளிவுறுத்தும்.

மத்திய காலத்தில் மக்கள் பெரும்பாலும் நின்றும் முழந்தாளிட்டுமே வழிபட்டனர். நிலையான வாங்குகள் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே பரவலாயின. சமயச் சீர்திருத்தத்தின்போது, 1550இல் கற்பலிபீடங்களுக்குப் பதிலாக மரமேசைகளை வைக்குமாறு ஆணை பிறந்தது. திருப்பீடப் பகுதியின் வாயிலில் சிலுவையுரு நின்ற மேன்மாடங்களை இறக்குமாறு 1561இல் பணிக்கப்பட்டது. வழிபாட்டில் பிரசங்கம் முதன்மை பெற்றது. நெடுநேரம் அமர்ந்து கேட்க இடம் வேண்டியதாயிற்று. அவ்விடம் காலப்போக்கில் குடும்பங்களின் உடைமையுமாயிற்று.

விற்பியில் 1778ஆம் ஆண்டின் மூன்றடுக்குப் பிரசங்க பீடத்தைச் சூழக் கதவுடைய பெட்டியிருக்கைகள் நெருங்கியுள்ளன. அவற்றின் உயர்ந்த பலகைகள் குளிர்காற்றைத் தடுத்தன, அயலாரையும் தடுத்தன. சில இருக்கைகளில் ‘அந்நியர்க்கு மட்டும்’ என எழுதப்பட்டுள்ளது. அனைத்துக்கும் மேலாக, முறுக்குத்தூண்கள் நான்கின்மீது, திருப்பீடப் பகுதியின் வாயிலை மறித்து நிற்பது சம்லி குடும்பத்தின் பதினேழாம் நூற்றாண்டு இருக்கையாகும். 1539இல் கலைக்கப்பட்ட விற்பி மடத்தின் நிலங்கள் பின்னர் இக்குடும்பத்தின் கைக்கு வந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலப் பங்குக் கோவில்களில் சிலுவையுரு நின்ற அதே இடத்தில் இங்கு நிலவுடைமையாளர் அமர்ந்தனர்.

1839இல் தோன்றிய கேம்பிறிட்ஜ் கம்டன் கழகத்தினர் பெட்டியிருக்கைகளை வன்மையாகக் கண்டித்தனர். கடவுளின் இல்லத்தில் தனியுடைமை தகாது என்ற அவர்தம் வாதம் நியாயமானதே. ஆயினும், மத்திய கால வடிவத்தை மீட்கும் ஆர்வத்தில் எண்ணற்ற கோவில்களின் தளபாடங்கள் அழிக்கப்பட்டன. கதவுகள் அகன்றன, இருக்கை வாடகையோ பல கோவில்களில் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை, அதன் கண்கூடான வடிவமே ஒழிந்தது.

இத்தகைய ‘புதுப்பித்தலை’ எதிர்த்தே வில்லியம் மொறிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பின்னாளில் சமவுடைமைவாதியாகிய அவர், ஒவ்வொரு காலமும் விட்டுச்சென்ற தடயத்தைப் பேண வேண்டுமென வாதிட்டதில் முரண்பாடில்லை. சம்லி இருக்கையைப் பேணுவது அக்குடும்பத்தின் பெருமையைப் பேணுவதன்று. ஏற்றத்தாழ்வின் சான்றை அழித்துவிட்டு அதன் வரலாற்றை எழுதவியலாது.