பிறவாத மகவும் பெற்றோர் தெரிவும்: இரு வரக்கதைகளை முன்வைத்து

முன்னுரை

பிறக்கவிருக்கும் மகவு இத்தன்மையதாக அமைதல் வேண்டும் என முடிவுசெய்யும் உரிமை பெற்றோர்க்கு உண்டா? 2018 நவம்பரில் சீன அறிவியலார் ஹெ ஜியான்குய், கருநிலையில் மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண்மகவுகள் பிறந்துள்ளதாக அறிவித்தபோது இவ்வினா உலகெங்கும் எழுந்தது. எச்.ஐ.வி. தொற்றாமல் காத்தலே நோக்கம் என்றார் அவர். 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தொழில்நுட்பம் புதிது, வினா நம் கதைமரபில் முன்பே உள்ளது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்து மார்க்கண்டேயப் படலத்தையும் மாதேஸ்வரன் வாய்மொழிக் காப்பியத்துச் சங்கம்மை கதையையும் இந்நோக்கில் இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

மிருகண்டுவின் தெரிவு

மகப்பேறு வேண்டித் தவமியற்றிய மிருகண்டு முனிவர்முன் இறைவன் இருவகை மைந்தரை வைக்கிறான். ஒருவன் அறிவும் அழகும் நிறைந்து பதினாறாண்டே வாழ்பவன். மற்றவன் அறிவின்றி, ஊமையும் செவிடும் முடமும் குருடுமாய் நெடிது வாழ்பவன். முனிவர் முன்னவனையே வேண்டுகிறார். உரைமரபு இதனைக் குணத்தின் உயர்வாகப் போற்றும். ஆயின் விலக்கப்பட்ட மைந்தனிடத்து அறிவின்மையும் உடற்குறையும் ஒருசேரச் சுமத்தப்பட்டிருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது. உடற்குறையை இழிவெனக் கொள்ளும் மதிப்பீடு தெரிவுக்கு முன்பே அமைந்துவிடுகிறது. பெற்றோர் தெரிந்தெடுத்தனர் என்பதைவிட, தெரிந்தெடுக்குமாறு வினாவே வகுக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

தெரிவின் விலையைச் செலுத்துபவன் மைந்தனே. ஆயுள் முடியும் காலத்துப் பெற்றோரின் துயர்கண்டு வினவியபோதே மார்க்கண்டேயன் தன் விதியை அறிகிறான். பத்தியின் வெற்றியாகப் படிக்கப்படும் இப்பகுதியைக் கேட்கப்படாத மகவின் நிலையினின்றும் படித்தல் வேண்டும்.

சங்கம்மையின் வேண்டல்

கர்நாடகத்து ஹனூர் வட்டத்திலுள்ள மாதேஸ்வரன் மலை தமிழரும் கன்னடரும் ஒருங்கே வழிபடும் தலம். கொள்ளேகால் வட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கம்சாளைத் தாளத்துடன் பாடப்பெறும் இக்காப்பியத்தில், சோலிகர் குலத்து நீலேகௌடனின் மனைவி சங்கம்மை, கணவனின் ஐயத்துக்கும் மலடி என்னும் பழிக்கும் ஆளாகிறாள். மாதேஸ்வரன் அருளால் காரய்யன், பில்லய்யன் என்னும் இரட்டையரைப் பெறுகிறாள். இங்கு மகவே வேண்டப்படுகிறது. மகவின் இயல்பு வேண்டப்படவில்லை. எனினும் அம்மைந்தர் வரமளித்தவனுக்கே அடியாராகின்றனர். ஆக்கியவர் உரிமை கொண்டாடும் சிக்கல் இக்கதையிலும் நீங்கவில்லை.

நோயும் வடிவமைப்பும்

இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. கர்நாடகப் பழங்குடியினரிடையே, சோலிகர் உட்பட, அரிவாள் அணு இரத்தசோகை என்னும் மரபுநோய் காணப்படுகிறது. 2047க்குள் இதனை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பெற்றது. நோயுற்ற மகவின் வலியை அறிந்த தாயிடம், கருவைத் திருத்தாதே எனக் கூறுதல் எளிதன்று. ஆகவே வேறுபாட்டைத் தெளிவுறுத்தல் கடன். 2023 நவம்பரில் பிரித்தானியா ஏற்பளித்த கிரிஸ்பர் மருத்துவம், நோயாளியின் இரத்த மூலவணுக்களையே திருத்துகிறது. அம்மாற்றம் வழித்தோன்றல்களைச் சேராது. கருத்திருத்தமோ பிறவாதவனையும் அவன் வழியினரையும் கேளாமலே மாற்றுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு மரபணுச் சிகிச்சை நெறிமுறைகள் இத்தகைய மரபுவழித் திருத்தத்தை விலக்குகின்றன. பெற்றோர் விருப்பம் என்பதே ஏற்புக்குப் போதாது என்பதற்கு, பாலினத் தெரிவைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்ற நேர்ந்தமையே சான்று.

முடிவுரை

நோய் தீர்த்தல் மகவின் பொருட்டு. வடிவமைத்தல் பெற்றோர் விருப்பின் பொருட்டு. இரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை எங்கும் தெளிவாக இல்லை. அவ்வெல்லையை வகுக்குங்கால், மிருகண்டு விலக்கிய மைந்தனும் வாழத்தக்கவனே என்னும் எண்ணம் முதற்கண் இடம்பெறுதல் வேண்டும். அவனுக்கெனத் தமிழில் ஒரு படலம் இல்லை. அவ்வெற்றிடத்தைச் சுட்டுதல் திறனாய்வின் கடமையாம்.