வாசலுக்கு அப்பால்

நம்முடைய குடும்ப நாவல்களில் கதாநாயகிக்கு ஒரு வேலை தவறாமல் உண்டு. கோழி கூவியதும் எழுந்து வீட்டைப் பெருக்கி, வாசல் தெளித்து, கோலம் போடுவாள். அவள் நல்லவள் என்பதற்கு அது அத்தாட்சி. கோலத்தின் புள்ளிகளை ஆசிரியர் எண்ணிச் சொல்வார். முறத்தில் அள்ளிய குப்பை எங்கே போயிற்று என்று மட்டும் சொல்லமாட்டார். வாசற்படியோடு வீடு முடிந்துவிடுகிறது. கதையும் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒரு குடும்ப நாவல் எவ்வளவு தூரம் யதார்த்தமானது என்று பார்க்க என்னிடம் ஒரு சின்ன அளவுகோல் உண்டு. அந்த வீட்டுக் குப்பை யார் கைக்குப் போகிறது என்று நாவலுக்குத் தெரிந்திருக்கிறதா? பெரும்பாலான நாவல்களுக்குத் தெரிவதில்லை.

பழைய கிராமத்துக் கதைகளை இதற்காகக் குறை சொல்ல முடியாது. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் குப்பை என்றால் எரு. சாணி, அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த கூளம் எல்லாம் குப்பைக்குழியில் சேரும். மழைக்கு முன் வண்டியேறிப் புஞ்சைக்குப் போகும். கம்பாகவும் சோளமாகவும் வீட்டுக்கே திரும்பி வரும். விருதுநகர் வியாபாரிக்கும் வீண் என்று ஒன்று கிடையாது. பருப்பு உடைத்தால் பொட்டு, எண்ணெய் ஆட்டினால் பிண்ணாக்கு. இரண்டும் மாட்டுத் தீவனமாக விலை போகும். காலிச் சாக்குக்குக்கூடக் கணக்கு உண்டு. இந்த உலகத்தை எழுதியவர்கள் குப்பையைத் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை. பட்டணத்து வீட்டில்தான் சங்கிலி அறுந்தது. அங்கே புஞ்சை இல்லை, குழி இல்லை. பால் பாக்கெட்டும் மருந்து அட்டையும் உடைந்த பல்பும் எந்த மண்ணுக்கும் எருவாகா. குப்பை என்ற சொல் அப்படியே இருக்க, அதன் பொருள் மாறிவிட்டது. நாவலாசிரியர்கள் பழைய பொருளையே மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

அதே கரிசல் சீமையில் சிவகாசி இருக்கிறது. 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரின் முயற்சியில் தொடங்கி, பட்டாசும் அச்சும் சேர்ந்து வளர்ந்த ஊர். பட்டாசுக் கொட்டகையில் பெருக்குவது அழகுக்காக அல்ல. தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புச் சாமான் உள்ளே வரக்கூடாது. சிந்திய மருந்தை அன்றன்றே கூட்டி அள்ளி, தூரத்தில் தனி இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்க வேண்டும். அப்படி அழிக்கும்போதே வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன. சரக்கில் இருக்கும் மருந்துதான் குப்பையிலும் இருக்கிறது. ஆகவே குப்பை எங்கே போகிறது என்பது அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. அவர்கள் உயிர் அதில் இருக்கிறது. நம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாததற்குக் காரணமும் இதுவே. அதனால் வரும் ஆபத்து நமக்கு அல்ல, வேறு ஒருவருக்கு.

அந்தப் பட்டாசு நம் வீட்டுக்கு வந்து வெடித்த பிறகு என்ன ஆகிறது? தீபாவளியன்று யார் வாசலில் அதிகக் காகிதம் என்பது தெருவுக்குள் ஒரு பெருமை. மறுநாள் அதைக் கூட்டி அள்ளுகிறவர்கள் அந்தப் பெருமையில் பங்கில்லாதவர்கள். சென்னை மாநகராட்சி பட்டாசுக் குப்பையைத் தனியாகச் சேர்த்து, கும்மிடிப்பூண்டியில் ஆபத்தான கழிவுகளுக்கென்று உள்ள நிலையத்துக்கு அனுப்பி வந்திருக்கிறது. தீபாவளி மலர்களில் நான் படித்த கதைகளில் தலைதீபாவளி மாப்பிள்ளை வருகிறார், பட்டுப்புடவை வருகிறது, மாமியார் கோபமும் தீர்கிறது. மறுநாள் காலை மட்டும் விடிவதேயில்லை.

வாசற்படியைத் தாண்டிய நாவல்கள் இல்லாமல் இல்லை. டிக்கன்ஸ் 1864-65-ல் எழுதிய ‘அவர் மியூச்சுவல் பிரண்ட்’ நாவலில் ஒரு பெரிய ஆஸ்தியே லண்டன் குப்பைமேடுகளிலிருந்து பிறக்கிறது. விருதுநகர் வியாபாரிக்கு அந்தக் கணக்கு உடனே புரியும். ஆனால் டிக்கன்ஸின் மனம் குப்பையிலும் வாரிசிலும் நிற்கிறதே தவிர, அள்ளுகிறவனிடம் அதிகம் நிற்பதில்லை. முல்க் ராஜ் ஆனந்த் 1935-ல் ‘அன்டச்சபிள்’ நாவலில் அவனிடமே போனார். பாக்கா என்ற இளைஞனின் ஒரே ஒரு நாளைக் காட்டினார். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் ‘தோட்டியின் மகன்’ நாவலில் மூன்று தலைமுறையைக் காட்டினார். இந்த மூன்றில் எனக்கு மிக நெருங்கியது தகழியின் நாவல்.

ஆலப்புழை நகரத்துக் கதை. ஆனால் இசக்கிமுத்துவும் அவன் மகன் சுடலைமுத்துவும் நம் தமிழர்கள். நம் மனிதர்களின் கதையை மலையாளத்தில் ஒருவர் எழுத, சுந்தர ராமசாமி தம் இளமைக் காலத்தில் அதைத் தமிழாக்கினார். தமிழில் புத்தகமாக வந்தது 2000-ல். நாம் இதை எவ்வளவு அவசரமாகத் தேடினோம் என்பதற்கு அந்த வருஷமே சாட்சி.

நாவலின் பலம் சுடலைமுத்துவைத் தியாகியாக்காததில் இருக்கிறது. தன் மகன் இந்த வாளியைத் தொடக்கூடாது என்பது ஒன்றே அவன் ஆசை. பையனுக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான். அந்தப் பெயரே ஊருக்குப் பரிகாசமாகிறது. தகப்பனுக்கு அதில் தவறு தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த ஆசைக்காகவே தன் கூட்டாளிகளின் சங்கத்தைக் காட்டிக்கொடுக்கவும் துணிகிறான். அவனை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காக நம் நடுத்தர வீடுகளில் செய்யப்படும் சின்னச் சின்னத் துரோகங்கள் நினைவுக்கு வருகின்றன. கடைசிப் பகுதியைப் பற்றி எனக்குக் குறை உண்டு. மோகனனின் தலைமுறை வந்ததும் கொள்கை அவசரப்படுகிறது, பாத்திரம் பின்தங்கிவிடுகிறது. அதற்காக முன்பகுதியின் உண்மை குறைந்துவிடாது.

இது பழைய கதை, எடுப்புக் கக்கூஸ் போய்விட்டது, சட்டம் வந்துவிட்டது என்று வாசகர்கள் சொல்லலாம். வாஸ்தவம். 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. 2016-ல் வந்த விதிகள் குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டுக்காரர்மேல் வைத்தன. 2020-ல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கச் சொன்னது. மரியாதையான சொல்தான். ஆனால் மீந்த சாம்பாரோடு உடைந்த கண்ணாடியை ஒரே பையில் கட்டிக் கொடுத்துவிட்டு, வாங்குகிறவரை மரியாதையாக அழைத்து என்ன பயன்? வீட்டில் நாம் பிரிக்காததை வெளியே இன்னொருவர் விரல்தான் பிரிக்கிறது.

சிவகாசி 2021-ல் திருத்தங்கலோடு சேர்ந்து மாநகராட்சியாகிவிட்டது. அங்கே ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் கொட்டகையில் ஒரு சிட்டிகை மருந்தும் சிந்திக் கிடக்காமல் கூட்டுகிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வீட்டையும் பெருக்குகிறாள். முதல் குப்பை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது எங்கே போகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை நன்றாக அறிந்த ஒருவர் இதை நாவலாக எழுதினால், முதல் பிரதியை வாங்க நான் தயாராக இருக்கிறேன்.