கண்டும் காணாத இரு நகரங்கள்

துப்பறியும் நாவலை இலக்கியத் திறனாய்வுக்கு உரியதன்று என ஒதுக்குவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலந்தொட்டுச் சுஜாதாவின் கணேஷ் – வசந்த் வரை இவ்வகை நூல்களை ஆவலோடு படித்து வந்திருக்கிறோம். ஆயினும் மலர்க் கட்டுரைகளில் அவற்றுக்கு இடம் தரத் தயங்குகிறோம். அத்தயக்கத்தைக் கைவிடச் செய்யும் ஆங்கில நாவல் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். அது சைனா மியெவில் 2009இல் வெளியிட்ட 'தி சிட்டி அண்ட் தி சிட்டி'.

ஆசிரியர் 1972இல் பிறந்த ஆங்கிலேயர். பன்னாட்டு உறவுகள் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். குற்றப் புனைகதைகளை விரும்பிப் படித்த தம் தாயாரை மனத்திற்கொண்டு இதனை எழுதினார். அவர் மறைந்தபின் வெளிவந்த நூல் அவர் நினைவுக்கே உரிமையாக்கப்பட்டது. 2010இல் ஹியூகோ விருது, உலக மாயப்புனைவு விருது, ஆர்தர் சி. கிளார்க் விருது ஆகிய மூன்றும் இதற்குக் கிடைத்தன. அறிவியல் புனைகதைக்கும் மாயக்கதைக்கும் உரிய பரிசுகளை ஒரு கொலை வழக்குக் கதை பெற்றது எங்ஙனம் என்பதே நாம் ஆராய வேண்டியது.

கதை கிழக்கு ஐரோப்பாவின் ஓரத்தில் அமைந்த கற்பனை நகரொன்றில் நிகழ்கிறது. நகர் ஒன்று என்றோமா? அங்குள்ளவை இரண்டு. நலிந்து வரும் பெஷலும் செழித்து வரும் உல் கோமாவும் ஒரே நிலப்பரப்பில் பின்னிக் கிடக்கும் இரு தனி நாடுகள். சில தெருக்கள் முழுதும் ஒன்றுக்கே உரியவை. பல தெருக்கள் இரண்டுக்கும் பொது. இடையே மதிலோ முள்வேலியோ இல்லை. ஒரு நாட்டார் மறுநாட்டு மக்களையும் கட்டடங்களையும் வண்டிகளையும் காணாதிருக்க வேண்டும் என்பதே அங்குள்ள சட்டம். நடை, உடை, கட்டடப் பாணி ஆகியவற்றைக் கொண்டு 'இது நம்முடையதன்று' என உணர்ந்து, உணர்ந்த கணமே பார்வையினின்றும் நீக்கிவிடக் குழந்தைகள் இளமையிலேயே பழகுகின்றனர். அடுத்த வீடு அயல்நாடாக இருப்பின், கோபுலா ஹால் என்னும் எல்லை மாளிகை வரை சென்று, முறைப்படி கடந்து, மீண்டும் தன் தெருவுக்கே திரும்பி வந்துதான் அதனுள் நுழையலாம். இவ்விதியை மீறுவது கொலையினும் கொடிய குற்றம். அக்குற்றத்திற்கும், அதனைத் தண்டிக்கும் மறைவான அதிகாரத்திற்கும் பெயர் ஒன்றே. அதனை 'அத்துமீறல்' எனத் தமிழாக்கலாம்.

இத்தகைய இடத்தில் மஹாலியா கியரி என்னும் அமெரிக்க ஆய்வு மாணவி கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். உல் கோமாவின் அகழ்வாய்வுக் களத்தில் பணி செய்தவளின் உடல் பெஷலில் கிடைக்கிறது. வழக்கை ஏற்கும் டயடோர் போர்லூ என்னும் காவல் ஆய்வாளர், இதனை அத்துமீறல் வசம் ஒப்படைத்துவிடவே முதலில் முயல்கிறார். ஆனால் உடலைக் கொணர்ந்த வண்டி எல்லை மாளிகை வழியே உரிய அனுமதியோடு வந்தது எனப் புலனாகிறது. கொலை நிகழ்ந்தது உண்மை. எல்லைச் சட்டம் மீறப்படவில்லை. பிணத்தைக் காட்டிலும் தாள்களை மதிக்கும் அலுவலக நியாயத்தை இதனினும் கூர்மையாகக் காட்டிய நூல்களை நாம் அரிதாகவே படித்திருக்கிறோம். கொலையாளி யார் என்பதைச் சொல்லி வாசகரின் சுவையைக் கெடுக்க மாட்டோம்.

இந்நூலின் வன்மை யாது? ரேமண்ட் சாண்ட்லர் வழிவந்த இருண்ட துப்பறியும் கதைகளில், துப்பறிவோன் செல்வர் மாளிகைக்கும் ஏழைச் சந்துக்கும் இடையே நடந்து, இரண்டையும் பிணைக்கும் குற்றத்தைக் கண்டறிவான். பார்ப்பதே அவன் தொழில். மியெவில் அத்தொழிலைச் செய்பவனை, பாராதிருத்தலே குடிமகன் கடமை என்னும் நகரில் நிறுத்துகிறார். போர்லூ ஒவ்வோர் அடியிலும் தன் தொழிலுக்கும் குடிமைக்கும் இடையே நசுங்குகிறான். மாயக்கதைப் பரிசு பெற்ற இந்நூலில் மந்திரவாதியோ பேயோ கிடையாது. மாயம் முழுவதும் மக்களின் பழக்கத்தில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. மொழிபெயர்ப்பு வாடை வீசும்படி வேண்டுமென்றே அமைத்த நடை, தொடக்க இயல்களில் வாசகரைச் சோர்வுறச் செய்கிறது. போர்லூவின் அகவாழ்வு நமக்கு எட்டுவதில்லை. மாண்ட பெண்ணோ உயிருள்ள மாந்தராக வளராமல் புதிருக்குத் திறவுகோலாகவே நின்றுவிடுகிறாள். இறுதியில் வெளிப்படும் குற்றம், அதனைத் தாங்கிய நகரங்களின் வியப்புக்கு முன் சிறுத்துப் போகிறது.

ஆயினும் தமிழ் வாசகர் இந்நூலை எளிதில் மூடிவிட இயலாது. 'கண்டும் காணாமல்' என்னும் தொடர் நம் நாவில் தயாராக இருக்கிறது. ஊர் என்றும் சேரி என்றும் ஒரே கிராமத்தை இரண்டாக்கி வாழ்ந்தவர்கள் நாம். தமிழகம் கடந்து பெருநகரங்களில் குடியேறிய பின்னரும், நம் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டிய குடிசைகளை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பத்தாண்டுகளாகப் பாத்திரம் துலக்கும் பெண்ணின் ஊர்ப்பெயரை எத்தனை இல்லங்களில் அறிவார்கள்? இங்குள்ளோர் நம் மொழியையும் ஊரையும் கேளாமல் 'மதராசி' என ஒரே சொல்லில் அடக்கியபோது, காணப்படாமையின் வலியை நாமும் அறிந்தோம். அறிந்தும் அதனைப் பிறருக்கு இழைக்கிறோம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். நாவலில் காணாமை இருபுறமும் சமம். பெஷல் உல் கோமாவைக் காண்பதில்லை, உல் கோமா பெஷலைக் காண்பதில்லை. நம் சமூகத்தில் அது ஒருவழிப் பாதை. சேரியில் வாழ்பவர் ஊரை ஒவ்வொரு நாளும் கண்டே தீர வேண்டும். காணாதிருக்கும் வசதி ஊருக்கு மட்டுமே வாய்த்தது. ஆசிரியர் தம் நூலை ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டும் உருவகக் கதையாக வாசிப்பதை விரும்பாதவர். அது முறையே. நம் அநீதிக்கு அவர் கற்பனை அளவுகோலன்று. அதன் ஒரு பக்கத்தைப் புலப்படுத்தும் விளக்கு மட்டுமே.

அவ்விளக்கு காட்டுவது இது: எல்லையை நாள்தோறும் காத்து நிற்பவர் அத்துமீறல் அதிகாரிகள் அல்லர், தெருவில் நடக்கும் ஒவ்வொருவரின் கண்களுமே. நம் பிள்ளைகளுக்கு எவரைப் பாராதிருக்க வேண்டும் என எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. பெற்றோர் முகம் திருப்பும் திசையைப் பார்த்தே அவர்கள் கற்கின்றனர். ஆங்கில நூல்களை எளிதாகப் படிக்கும் நம் இல்லத்து இளைஞர் கையில் இந்நாவல் இருக்கக் கண்டால், துப்பறியும் கதைதானே என்று தள்ளாமல், அவர்கள் முடித்தபின் நாமும் வாங்கிப் படித்து அவர்களோடு விவாதிப்பது நலம்.