சிற்றாற்றுத் தூண்டில்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள். அருவியில் தலை நனைக்கிறார்கள். சாரலையும் காற்றையும் வாயாரப் புகழ்ந்துகொண்டே ஊர் திரும்புகிறார்கள். அருவியாக விழுந்த அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று கேட்கிறவர்கள் மிகச் சிலர். அது சிற்றாறு என்ற அடக்கமான பெயரோடு தென்காசியைக் கடந்து, செங்கோட்டைப் பக்கத்து ஓடைகளையும், மேக்கரை மலையிலிருந்து வரும் அனுமன் நதியையும் வழியில் சேர்த்துக்கொண்டு, அணைக்கட்டுதோறும் சற்றே நின்று, கால்தோறும் வயலுக்குப் பிரிந்து, கடைசியில் சீவலப்பேரிக்கருகே தாமிரபரணியில் சங்கமமாகிறது. இந்த யாத்திரையில், மருதமர நிழலில் ஆழ்ந்து கறுத்துக் கிடக்கும் ஒவ்வொரு கசத்தின் கரையிலும், மூங்கில் கம்பும் கையுமாக, பேச்சு மூச்சின்றி உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரையாவது காணலாம். பார்ப்பவர்கள் அவரைப் பொழுதுபோகாதவர் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அவர் ஒரு கலைஞர். கண், கை, மனம் மூன்றும் ஒருமித்து ஓரிடத்தில் நிற்காமல் கைகூடாத ஒரு நுட்பமான கலையை அவர் அப்பியாசம் செய்துகொண்டிருக்கிறார். ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து, 1954-இல் மறைந்த ஊர் குற்றாலம். எதையும் நின்று நிதானித்து ரசிக்கவேண்டும் என்பதை அவரிடமிருந்து கற்ற இந்தச் சீமையில், இந்தக் கலையையும் நின்று பார்ப்பது நமக்குக் கடமையாகிறது.

ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டு ஆற்று மீன்களை இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்தார்கள். சால்மன், டிரவுட் முதலியவை பிரபுக்களின் மீன்கள். கெண்டை இனம் உட்பட மற்றவையெல்லாம் சாமானியர்களின் மீன்கள். நம் தேசத்துக்கு வந்தபோதும் அந்தப் பேதத்தைக் கூடவே கொண்டுவந்து, நீலகிரியின் ஓடைகளில் டிரவுட் குஞ்சுகளைக் கொணர்ந்து விட்டார்கள். பெருமீனாகிய மஹசீரைத் தேடிக் காவிரிக் கரையில் முகாமிட்டார்கள். ஆனால் அவர்களிலும் சாமானிய மீனின் அருமையை அறிந்த ஒருவர் இருந்தார். சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை எழுதிப் புகழ்பெற்ற பிறகு, 1887-இல் குளத்து மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதைப் பற்றி மட்டுமே ‘டேங்க் ஆங்கிலிங் இன் இந்தியா’ என்று தனியாக ஒரு நூல் செய்தார். பெருமீன் பிடிப்பதில் பலமும் சாகசமும் வெளிப்படலாம். கையளவு கெண்டையைப் பிடிப்பதிலோ சூட்சுமம் மட்டுமே செல்லுபடியாகும். சாமானிய மீனே இந்தக் கலையின் மெய்யான ஆசான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

உபகரணங்களைப் பாருங்கள்: எவ்வளவு எளியவை, எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டவை! முற்றிய மூங்கிலில் கணு நெருங்கிய கம்பாகத் தேர்ந்தெடுத்து, நிழலில் உலர்த்தி, அனலில் வாட்டி, வளைவு நீக்கி எடுத்த கம்பு அது. அடி கைக்கு அடங்கவும், நுனி காற்றுக்கும் நடுங்கவும் வேண்டும். அதன் நுனியில் கம்பின் நீளத்துக்குச் சற்றேறக்குறையச் சமமான தங்கூசி நரம்பு. நரம்பின் நடுவே, உதிர்ந்த மயிலிறகின் தண்டை நறுக்கிச் செய்த தக்கை. அதற்குக் கீழே சிறு பாரம். பாரத்துக்குக் கீழே முள். தக்கையின் பருமன் இவ்வளவுதான் என்று கணக்கில்லை. ஆனால் பாரத்தைக் கட்டி நீரில் விட்டால் தக்கையின் நுனி மட்டும் ஒரு நெல்லளவு மேலே தெரியும்படி இருக்கவேண்டும். அதற்குமேல் தெரிந்தால், மீன் தொட்டதுமே தக்கையின் எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். கடையில் விற்கும் விலையுயர்ந்த ரீல் கம்புகளில் வசதி உண்டு. இந்த நெல்லளவு நுட்பத்தை அவை கற்பிப்பதில்லை.

பாரத்துக்கு ஈயக்குண்டு கட்டுவது வழக்கம். ஈயம் நஞ்சு. இங்கிலாந்தில் அறுந்து விழுந்த ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப் பறவைகள் மடிந்ததைக் கண்டு, 1987-இல் அவற்றின் பெரும்பாலான அளவுகளுக்குத் தடை விதித்தார்கள். நம் கசங்களிலும் நாரையும் தாராவும் நீர்க்கோழியும் சேற்றைக் கிளறித்தான் மேய்கின்றன. ஒரு சிறு இரும்பு நட்டு அதே வேலையைச் செய்யும்போது ஈயம் எதற்கு?

இனி நீரைப் படிக்கும் வித்தை. மீன் நம்மைக் காதால் மட்டும் அறிவதில்லை. அதன் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் ஒரு மெல்லிய கோடு, கரையில் வைக்கும் காலடியின் அதிர்வைக்கூட நீர்வழியே உணர்ந்துகொள்கிறது. ஆகவே தேர்ந்தவர் கரைக்கு மெள்ள வந்து, சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, தம் நிழலும் கம்பின் நிழலும் நீரில் விழாத இடமாகத் தேடி உட்காருவார். இந்த நிழல் விஷயம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இப்படி ஒரு காட்சி வருகிறது: பாணர்குலத்து இளைஞன் ஒருவன், இரையிட்ட தோற்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நெடிய மூங்கில் தூண்டிலை வீசுகிறான், முள்ளில் மறைத்த இரையைக் கவ்விய வாளை மீன் முள்ளுக்குத் தப்பிப் போய்விடுகிறது, போனபின், நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைப் பார்த்தும் அது மிரளுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கரையில் நின்று மீனின் மனத்துக்குள் புகுந்து பார்த்த அந்தப் புலவர், தூண்டில் பிடிப்பவர் அறியவேண்டிய முதல் பாடத்தை அந்த நிழலிலே வைத்துவிட்டார்.

நீரோட்டம் முழுவதும் ஒரேவிதமாக இருப்பதில்லை. பாறையைச் சுற்றி வரும் வேகநீருக்கும் அதன் பின்னால் சுழன்று நிற்கும் அமைதி நீருக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். கெண்டைகள் அமைதியில் நின்றுகொண்டு, வேகத்தில் அடித்துவரும் இரையை எதிர்பார்த்து அந்தக் கோட்டை நோக்கியே தலைவைத்திருக்கும். கெளுத்தி அடிச்சேற்றில் மீசையால் தடவித் திரியும். வெளிச்சம் மங்கினால்தான் அதற்கு உற்சாகம். ஆரால், மணலுக்குள் உடலைப் புதைத்து மூக்கை மட்டும் நீட்டியிருக்கும். விரால், அல்லியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த தேக்கத்தில், அவ்வப்போது மேலே வந்து காற்றை நேரே விழுங்கிவிட்டுப் போகும். எங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று அறிந்து, அவரவர் வாசலில் அவரவர்க்கு உகந்ததை வைப்பதுதான் இரையிடும் கலை: கெண்டைக்குப் பிசைந்த மாவு, கெளுத்திக்கும் ஆராலுக்கும் மண்புழு, விராலுக்குத் தவளைக்குஞ்சு.

தக்கையின் பாஷை இந்தக் கலையில் மிகவும் ரசமான பகுதி. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். எனவே அது இரையைக் கடிப்பதில்லை. உறிஞ்சிப் பார்க்கிறது, துப்புகிறது, மறுபடி உறிஞ்சுகிறது. அப்போது தக்கை இருந்த இடத்திலேயே நடுங்கும். அதைச் சுற்றி மயிரிழை போன்ற வளையங்கள் விரியும். அனுபவம் இல்லாதவர் அங்கேயே சுண்டி இழுத்து வெறும் முள்ளோடு ஏமாறுவார். தேர்ந்தவர் காத்திருப்பார். நடுக்கம் நின்று, ஒரு கண நேரம் ஒன்றுமே இல்லாதது போல் இருந்து, பிறகு தக்கை பக்கவாட்டில் சரிந்து நகரத் தொடங்கும். அந்த நகர்வின் முதல் விரற்கடையில் மணிக்கட்டு மட்டும் அசையும், தோள் அசையாது. அவ்வளவுதான் கொத்து. கெளுத்தியானால் இந்தச் சம்பிரதாயமெல்லாம் இல்லை. தக்கை ஒரே முழுக்காக மறைந்துவிடும். பலத்தைக் காட்டும் இடம் இந்தக் கலையில் எங்குமே இல்லை. காத்திருத்தலுக்கும் சுண்டுதலுக்கும் இடையே உள்ள அந்த ஒரு கணத்தில்தான் இதன் சௌந்தரியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மீன் கைக்கு வந்ததும் பலருடைய ரசனை முடிந்துபோகிறது. கலைஞனுடைய பொறுப்போ அங்கேதான் ஆரம்பமாகிறது. மீனின் உடம்பிலுள்ள வழவழப்பை அழுக்கு என்று எண்ணிவிடக்கூடாது. அது நோயிலிருந்து அதைக் காக்கும் கவசம். உலர்ந்த கையால் அழுத்திப் பிடித்தாலும், சுடுமணலில் புரளவிட்டாலும் அந்தக் கவசம் பிய்ந்து, பிறகு நீருக்குள் போனாலும் பூஞ்சணம் பற்றி மீன் மடியும். ஆகவே முதலில் கையை நனைக்கவேண்டும். இயன்றவரை மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுக்கவேண்டும். முள்ளின் வாயருகே உள்ள எதிர்முள்ளை முன்னதாகவே குறட்டால் நசுக்கி வைத்துவிட்டால், முள் வந்தவழியே வலியின்றி வழுக்கிக்கொண்டு வரும். மீனும் தப்பிவிடாது, நரம்பு தளராமல் பார்த்துக்கொள்ளும் கைத்திறன் இருந்தால் போதும். செவுளுக்குள் விரல் விடலாகாது. இரத்தம் நேரே ஓடும் இடம் அது. முள்ளை ஆழமாக விழுங்கிவிட்டதானால் குடைந்து எடுக்க முயலாமல் நரம்பை ஒட்ட நறுக்கிவிடுவதே மீனுக்கு நல்லது. நீரில் விடும்போது வீசி எறியாமல், நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் தலையை வைத்து, இரு கையாலும் ஏந்தி, அதன் செவுள்கள் நிதானமாகத் திறந்து மூடத் தொடங்கியபின், அதுவே வாலை அசைத்துப் போகும்வரை காத்திருக்கவேண்டும். கெளுத்தியை எடுக்கும்போது நம் கைக்கும் ஜாக்கிரதை தேவை. முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள அதன் முட்கள் குத்தினால் கடுப்பு லேசில் தீராது.

வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில் நான் குற்றம் காணவில்லை. குழம்புக்காகத் தூண்டிலிடுபவர் நம் ஆற்றங்கரையின் ஆதிக் குடிமகன். ஆனால் எடுப்பதானால் தலையில் ஓர் அடி கொடுத்து உடனே உயிரைப் போக்கிவிடவேண்டும். செவுள் வழியே கோரையைக் கோத்துக் கரையில் மணிக்கணக்காகத் துடிக்கவிடுவது, கொன்று தின்னுகிறவனுக்கும் அடுக்காத கொடுமை.

எப்போது பிடிக்கக்கூடாது என்பதும் இந்தக் கலையின் இலக்கணத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 முடியச் சாமானிய மீன்களுக்குத் தூண்டிலிடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அவை முட்டையிடும் காலம் அது. நம் மீன்களுக்கோ மழைதான் பஞ்சாங்கம். ஆனி, ஆடியில் சாரல் கட்டி, 36 அடி உயரமே உள்ள குண்டாறு அணை நிரம்பி வழிந்து, புதுவெள்ளம் செம்மண் கலந்து இறங்கும்போது, சினை மீன்கள் வயிறு பருத்து அந்த வெள்ளத்தை எதிர்த்து ஏறும். மறுகால் பாயும் இடத்திலும் மதகடியிலும் கூட்டமாகத் துள்ளும் அவற்றைப் பிடிப்பதற்குக் கலை வேண்டாம், கூடை போதும். ஆனால் அங்கே எடுக்கும் ஒவ்வொரு சினை மீனும் அடுத்த பருவத்தின் விதைநெல். அதேபோல், சித்திரை வெயிலில் ஆறு வற்றிக் கசம் மட்டும் எஞ்சியிருக்கும்போது, சூடேறிய நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் இளைத்து நிற்கும். அந்த நேரத்தில் தூண்டிலைப் பரணில் வைத்துவிடுவதே தர்மம்.

விரால் விஷயத்தில் இன்னும் ஒரு நியதி உண்டு. நீர்ப்பரப்பில் செம்பொன் நிறத்தில் ஒரு கைப்பிடிக் குஞ்சுகள் ஒன்றாய்ச் சேர்ந்து கொதிப்பது போலத் தெரியும். அதன் அடியில் பெற்ற விரால் காவல் நிற்கும். குஞ்சை நெருங்கும் எதையும் அது ஆவேசமாகப் பாய்ந்து கவ்வுமாதலால், அங்கே தவளையைக் காட்டினால் கொத்து நிச்சயம். ஆனால் காவல் போன மறுநிமிஷமே அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். குழந்தையைக் காக்க ஓடிவந்த தாயைப் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன கீர்த்தி இருக்கிறது?

தயவு காட்டக்கூடாத மீனும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1952-இல் நம் தேசத்துக்குள் நுழைந்த ஜிலேபிக் கெண்டை, இன்று ஊரணி முதல் அணைவரை பரவி, தன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பாற்றிப் பெருகி, நம் சுதேசி மீன்களின் இரையையும் இடத்தையும் அபகரித்துக்கொண்டிருக்கிறது. தாமிரபரணிப் பிரதேசத்துக்கே உரிய கெண்டை ஒன்று, விஞ்ஞானப் பெயரிலும் அந்த நதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்படிப்பட்ட செல்வங்கள் குடியிருக்கும் ஆறு இது. ஆகவே ஜிலேபி அகப்பட்டால் அதைத் திரும்ப விடவேண்டாம்; அது சட்டிக்குப் போகட்டும்.

இவ்வளவு நுட்பமும் நியமமும் கொண்ட ஒரு கலைக்குப் பக்கத்திலேயே, தோட்டாவை வெடித்தும், விஷத்தைக் கலக்கியும், மின்சாரத்தைப் பாய்ச்சியும் மீன் எடுக்கும் அக்கிரமமும் நடக்கிறது. வெடிக்கும் நஞ்சுக்கும் 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே தண்டனை விதித்திருக்கிறது. இந்த முறைகளுக்குப் பெரிய மீன், சிறிய மீன் என்ற பேதம் இல்லை. நாலு கிலோ மீனுக்காக, நாலாயிரம் குஞ்சும் அவற்றின் இரையான பூச்சியும் சேர்ந்து மாள்கின்றன. கசத்தின் கரையில் தினந்தோறும் உட்கார்ந்திருக்கும் தூண்டில்காரருக்குத்தான் இது முதலில் தெரியவரும். நேற்று வளையம் விரிந்த இடத்தில் இன்று ஏன் அசைவில்லை என்று கேட்கக்கூடிய கண் ஊரில் அவருக்கு மட்டுமே இருக்கிறது. அதனால்தான் அவரை ஆற்றின் காவலர் என்கிறேன்.

பாபநாசத்தில் கோயில் படித்துறையில் மீன்கள் கூட்டங் கூட்டமாக நிற்கின்றன; ஜனங்கள் பொரி இறைக்கிறார்கள்; ஒருவரும் தூண்டில் போடுவதில்லை. பக்தி ஒரு படித்துறையைக் காப்பாற்றியது போல, ரசனை ஓர் ஆற்றையே காப்பாற்ற முடியும். செங்கோட்டையிலும் தென்காசியிலும் பிள்ளைகளுக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பெரியவர்கள், முள் கட்டக் கற்றுக்கொடுக்கும் அன்றைக்கே, கை நனைக்கவும், சினை மீனை விட்டுவிடவும், அறுந்த நரம்பைக் கரையில் போட்டுக் கொக்கின் காலில் சுற்றவிடாமல் மடியில் கட்டிக்கொண்டு வரவும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும். இவற்றைக் கற்காதவன் எத்தனை மீன் பிடித்தாலும் இந்தக் கலையில் அவனுக்கு இடமில்லை.