பொற்காசும் போத்தல் மூடியும்

பாலை என்பது தனக்கென இடம்பெற்ற நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தத்தம் இயல்பு கெட்டவிடத்துப் பாலையெனப் பெயர் பெறும் என்பது தமிழர் நிலப்பாகுபாட்டின் நுண்ணியதொரு கருத்தாகும். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை இதனைத் தெளிவாகக் கூறும். பாழ்நிலத்தைக் காண்போர் முன்னர் அவ்விடத்திருந்த வளநிலத்தையும் உடன் நினைக்கவேண்டியவராவர் என்பது இதன் உட்கிடை. செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இவ்வளவுகோல், இன்று உலகெங்கும் இளைஞரும் முதியோரும் ஈடுபட்டு ஆடும் ஒருவகைக் கணினி விளையாட்டுக்களை மதிப்பிடுதற்கும் துணைபுரிவதாகும்.

அவை திறந்த உலகுப் பாத்திர விளையாட்டுக்கள் எனப்படும். ஆடுவோர் ஒரு பாத்திரத்தை ஏற்று, பரந்ததொரு கற்பனை நிலத்திலே விரும்பிய திசையிற் சென்று, விரும்பிய பணியை மேற்கொண்டு, விரும்பாததை விடுத்து உலவுவர். கதை இவ்வழியேதான் செல்லவேண்டும் என்னும் கட்டாயம் குறைவு. இவற்றுட் பெருவழக்குப் பெற்றன இருவகை. வாளும் மந்திரமும் விந்தை உயிர்களும் நிறைந்த மாயவுலகை நிலைக்களனாகக் கொண்டவை ஒருவகை. பெரும்போரால் நாகரிகம் அழிந்தபின் எஞ்சிய பாழுலகை நிலைக்களனாகக் கொண்டவை மற்றொருவகை.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குதற்கு ஏற்ற சான்றுகள் ஒரே பட்டறையிலிருந்து கிடைக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெதெஸ்டா நிறுவனம் 1994ஆம் ஆண்டு தொடக்கம் எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் மாயவுலகத் தொடரை ஆக்கி வந்தது. அதன் ஐந்தாம் பாகமாகிய ஸ்கைரிம் 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆந் திகதி வெளியாயிற்று. ஃபோல்அவுட் என்னும் பாழுலகத் தொடரோ 1997இல் இன்டர்பிளே நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. அதன் உரிமையைப் பெதெஸ்டா 2007இல் முழுமையாக விலைக்குப் பெற்று, மறு ஆண்டில் மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. ஸ்கைரிமையும் ஃபோல்அவுட் 3ஐயும் நெறிப்படுத்தியவர் டொட் ஹவார்ட் என்னும் ஒருவரே. 2010இல் வெளிவந்த ஃபோல்அவுட்: நியூ வேகாஸ், ஒப்சிடியன் என்னும் வேறொரு நிறுவனத்தின் ஆக்கமாயினும், ஃபோல்அவுட் 3க்கு அமைந்த மென்பொருட் பொறியின்மீதே எழுந்தது. கையும் கருவியும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க, ஆக்கங்களின் பயன் வேறுபடுமாயின், அதன் காரணத்தைக் கற்பனையிலேயே தேடல் வேண்டும்.

வாளுக்குப் பதிலாகத் துப்பாக்கி, மந்திரத்துக்குப் பதிலாகக் கதிர்வீச்சு, குகைக்குப் பதிலாக நிலவறை என்று வேறுபாட்டைச் சொல்லி முடிப்பாருளர். அது புறத்தோற்றம் பற்றிய கூற்று. உண்மையில் இரண்டு உலகங்களும் ஒரு பேரழிவுக்குப் பின்னையவையே. ஸ்கைரிமின் கதை, செப்டிம் மன்னர் மரபு அற்றுப்போய் 201 ஆண்டுகள் கழிந்தபின் நிகழ்வது. ஃபோல்அவுட் 3இன் கதை, 2077ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி அணுப்போர் மூண்டு 200 ஆண்டுகள் சென்றபின் நிகழ்வது. காலத்தொலைவு ஒன்றே, அக்காலத்தை நினைக்கும் முறைதான் வேறு.

அம்முறையை அறிதற்கு அவ்வவ்வுலகின் நாணயத்தை நோக்குதல் போதும். ஸ்கைரிமில் வழங்குவது பொற்காசு. அது செப்டிம் என்றே பெயர்பெறும். மரபு அழிந்தும் மன்னன் பெயர் சந்தையிலே செல்லுபடியாகின்றது. இறந்தகாலம் அங்கே முதுசொம். ஃபோல்அவுட் உலகின் நாணயமோ பழைய குளிர்பானப் போத்தலின் மூடி. அரசும் வங்கியும் சாம்பரானபின், குப்பையென வீசப்பட்டது செல்வமாயிற்று. 1997ஆம் ஆண்டின் முதற் பாகத்திலே, ஹப் என்னும் ஊரின் வணிகர் தண்ணீரை ஈடாகக் காட்டியே மூடிக்கு மதிப்பளித்தனர் என்று கதை கூறும். பொன்னுக்குப் பின்னால் முடி நின்றது. மூடிக்குப் பின்னால் தாகம் நிற்கின்றது. இறந்தகாலம் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தீர்க்கவேண்டிய கடன்.

முதுசொமாக வந்த உலகில் ஆடுவோர் பெறும் நிலை யாது? ஸ்கைரிமின் தொடக்கத்திலே பாத்திரம் கைகட்டுண்டு கொலைக்களத்துக்கு வண்டியில் ஏற்றிச் செல்லப்படும் கைதி. ஆயின், அல்டுவின் என்னும் பறவைநாகம் வந்து ஊரை எரிக்க, கைதி தப்புகின்றார். சிறிது நேரத்துள் அவரே பறவைநாகத்தின் ஆன்மா வாய்ந்த பிறவியென்று தெரியவருகின்றது. மற்றையோர் நெடுங்காலம் தவமிருந்து கற்கும் மொழியாற்றல் அவருக்குப் பிறப்புரிமையாகக் கிடைக்கின்றது. உலகை அழிக்க வந்ததும் தெய்வத்தொடர்புடைய விலங்கு. காக்கப் பிறந்ததும் முன்னரே குறிக்கப்பட்ட மனிதர். ஊழ் தொடங்கிய பகையை ஊழே முடிக்குமிடத்து, மனிதர் தம் செயலுக்குப் பொறுப்பேற்கும் இடம் சுருங்கிவிடுகின்றது.

இச்சுருக்கம் விளையாட்டின் அமைப்பிலும் புலப்படும். ஒரே பாத்திரம் போர்வீரர் குழுவுக்குத் தலைவராகலாம்; மந்திரக் கல்லூரிக்கு முதல்வராகலாம்; கள்வர் சங்கத்துக்கும் தலைமை தாங்கலாம்; கூலிக்குக் கொலைசெய்யும் குழுவின் உயர்பதவியையும் எய்தலாம். இந்நான்கையும் ஒருங்கே பெறினும் தடுப்பார் இலர். கதைக்கு வேண்டியோர் பலர் எத்துணை வெட்டினும் மாளாது முழந்தாளிட்டு எழுவர். பேரரசுப் படைக்கும் உல்ப்ரிக் ஸ்டோர்ம்க்ளோக் என்பானின் கிளர்ச்சிப் படைக்கும் இடையே நிகழும் உள்நாட்டுப் போரில் எப்பக்கத்தைச் சார்ந்து வென்றாலும், சில ஊர்த்தலைவர் மாறுவரேயன்றி மக்கள் வாழ்வு பெரிதும் மாறுவதில்லை. எங்கும் செல்லலாம், எதையும் செய்யலாம் என்னும் உரிமை நிறைந்திருக்கின்றது. செய்தது என்னவாயிற்று என்னும் வினா மெலிந்திருக்கின்றது.

இனி ஃபோல்அவுட் 3. பிரிவு பாலைக்கு உரிப்பொருள் என்பர் தமிழ் இலக்கணநூலார். 101ஆம் நிலவறையில் வளர்ந்த பிள்ளையை விட்டுத் தந்தை நீங்குவதும், அவரைத் தேடிப் பிள்ளை பாழ்வெளியில் இறங்குவதுமே இக்கதையின் தொடக்கம். அவ்வெளி கற்பனை நாடன்று, வாஷிங்டன் மாநகர். 1943இல் திறக்கப்பட்ட ஜெபர்சன் நினைவுமண்டபம் இங்கே நீரைத் தூய்மையாக்கும் நிலையமாக நிற்கின்றது. தந்தையின் வாழ்நாள் நோக்கம் எல்லார்க்கும் நல்ல தண்ணீர் என்பதொன்றே. ஸ்கைரிமில் ஆறுகள் கண்ணுக்கினியனவாய் ஓடும். 2011இல் வெளிவந்த வடிவிலே பாத்திரத்துக்குத் தாகம் என்பதே இல்லை. பாழுலகிலோ ஒவ்வொரு மிடறும் கதிர்வீச்சை உடலிற் சேர்க்கும். நாடகமேடையின் திரைச்சீலைபோல் நின்ற நீர், இங்கே கதையின் கருப்பொருளாகி விடுகின்றது.

இவ்வாக்கத்தின் மிகக் கடுமையான இடம் மெகற்றன் என்னும் சிற்றூர். வெடியாத அணுகுண்டொன்றைச் சுற்றி மக்கள் குடிசையமைத்து வாழ்கின்றனர். காவலர் அதனைச் செயலிழக்கச் செய்யுமாறு வேண்டுகின்றார். வேறொருவர் பணந்தந்து வெடிக்கச் செய்யுமாறு தூண்டுகின்றார். ஆடுவோர் எதனையும் தெரியலாம். வெடிக்கச் செய்தால் ஊர் முழுவதும் அழியும். மீண்டும் அங்கே சென்றால் குழியொன்றே காணப்படும். யப்பானிலே வெளியிடப்பட்ட பதிப்பில் குண்டை வெடிக்கச்செய்யும் வழி நீக்கப்பட்டது. நாகசாகியின்மீது 1945இல் வீசப்பட்ட குண்டின் பெயரைத் தாங்கிய ஆயுதமொன்றின் பெயரும் மாற்றப்பட்டது. விளையாட்டுத்தானே என்று கூறி இதனைத் தள்ளிவிடுதல் இயலாது. ஓரிடத்தில் வெறும் காட்சியாக நிற்பது வேறோரிடத்தில் ஆறாப் புண்ணைத் தொடுகின்றது. பாழுலகக் கற்பனை உண்மை வரலாற்றோடு ஒட்டிநிற்பதன் வலிமையும் அச்சமும் இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

எனினும் ஃபோல்அவுட் 3 தன் நெறியில் இறுதிவரை நிலைக்கவில்லை. கதைமுடிவில் நீர்நிலையத்தை இயக்குவோர் கதிர்வீச்சால் இறத்தல் திண்ணம். கதிர்வீச்சால் ஊறுபடாத துணைவனொருவன் அருகிருந்தும் அப்பணியை ஏற்க மறுப்பது முதல் வடிவிலிருந்த குறை. 2009இல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்னும் இணைப்பு அக்குறையை நீக்கிற்று. ஆனால் உயிர்க்கொடை செய்த பாத்திரத்தையும் பிழைக்கவைத்து மேலும் உலவவிட்டது. காரணப் பொருத்தம் கூடிற்று. தியாகத்தின் நிறை குறைந்தது. ஆடுவோர் விளையாட்டைத் தொடர விரும்புதல் இயற்கையே. ஆயின் அவ்விருப்பத்துக்குக் கதை இணங்குமிடத்தில் கதைக்குரிய ஏதோவொன்று விலையாகச் செல்கின்றது.

அவ்விலையைக் கொடுக்க மறுத்த ஆக்கம் நியூ வேகாஸ். ஜோஷ் சோயர் நெறிப்படுத்திய இதன் தலைமைப் பாத்திரம் ஒரு கடிதத்தூதர். அவருக்குக் குலப்பெருமையில்லை, முன்குறியில்லை. தலையிற் சுடப்பட்டு மண்ணிற் புதைக்கப்பட்டவர் எழுந்து நடக்கின்றார், அவ்வளவே. நிலம் மொஹாவே பாலைவனம். அதனையொட்டிய நெவாடாவில் 1951 தொடக்கம் அமெரிக்கா மெய்யாகவே அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. பூசலின் மையம் 1935இல் திறக்கப்பட்ட ஹூவர் அணை. அதன் நீரையும் மின்னையும் கைப்பற்றக் குடியரசுப் படையொன்றும், பண்டை உரோமரைப் போலி செய்யும் சீசரின் படையும், வேகாஸ் நகரை ஆளும் ஹவுஸ் என்பவரும் முரணுகின்றனர். குடியரசு காகிதப் பணத்தையும் சீசர் பொன் வெள்ளிக் காசுகளையும் வழங்க, மக்கள் போத்தல் மூடியையும் கைவிடாது வைத்திருக்கின்றனர். பழைய முடியை மீண்டும் சூடிக்கொள்ள முயலும் ஆட்சிகளின்மேல் மக்களுக்குள்ள ஐயத்தை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இங்கே ஒருவரைச் சார்ந்தால் மற்றையோர் வாயில் அடைபடும். ஏறக்குறைய எவரும் கொல்லப்படக் கூடியவர், கொல்லப்பட்டவர் மீளார். அணைக்கட்டுப் போரோடு விளையாட்டு முடிந்துவிடும். அதன்பின் தொடர்ந்து உலவ இடமில்லை. கடந்துவந்த ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒவ்வொரு துணைவருக்கும் என்ன நேர்ந்தது என்பது மட்டும் வரிசையாகக் காட்டப்படும். தேர்ந்தும் தேராதும் விட்டவற்றின் கணக்கு அது.

ஸ்கைரிமின் சிறப்பை மறுத்தல் நேர்மையன்று. பனிமலைக் காட்சியும், நூல்கள் பலவற்றை உள்ளடக்கிய அதன் வரலாற்றுச் செறிவும் வியத்தற்குரியன. பயிலப் பயிலவே திறன் வளரும் வகையில் அமைந்த அதன் 18 கலைகள், நிலை உயருந்தோறும் புள்ளி பகிர்ந்தளிக்கும் ஃபோல்அவுட் முறையினும் இயற்கையோடு பொருந்துவன. அதனினும் மேலாக, பார்தூர்நாக்ஸ் என்னும் முதிய பறவைநாகத்தின் கதை உண்டு. ஒருகாலத்தில் அல்டுவினோடு சேர்ந்து மனிதரைக் கொடுமைப்படுத்திப் பின் மனந்திருந்தி மலையுச்சியிலே தவம்புரிவது அது. பழங்குற்றத்துக்காக அதனைக் கொல்லுமாறு நண்பர் வற்புறுத்துகின்றனர். கொல்லாவிடின் அவர் உதவி கிட்டாது. பிறவிக்குணம் பெரிதோ, முயன்று வென்ற குணம் பெரிதோ என்னும் வினா எழுமிடத்தில், முன்குறித்த விதி பின்னே சென்று ஆள்வினை முன்வருகின்றது. ஸ்கைரிமின் தலைசிறந்த இடம், இறந்தகாலம் முதுசொமாகாது கடனாக வந்து நிற்கும் இவ்விடமே என்பது கருதற்பாலது.

ஆகவே மாயவுலகு தாழ்ந்தது, பாழுலகு உயர்ந்தது என வகைபற்றித் தீர்ப்பளித்தல் பொருந்தாது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் மூன்றாம் பாகமாகிய மோரோவிண்ட் 2002இல் வெளிவந்தது. அதிலும் முன்குறி உண்டு. ஆனால் அக்குறி தமக்கே உரியதென நம்பித் தோற்றோர் பலரை ஆடுவோர் சந்திக்கின்றனர். கதைக்கு இன்றியமையாதவரைக் கொன்றால் ஊழின் இழை அறுந்ததென விளையாட்டே அறிவிக்கும். பெருங்குடிகள் மூன்றனுள் ஒன்றையே சாரலாம். மறுபுறம், 2015இல் வெளிவந்த ஃபோல்அவுட் 4, கவரப்பட்ட மகவைத் தேடும் பெற்றோரைப் பாத்திரமாகக் கொண்டும், நான்கு நான்காகக் காட்டும் மறுமொழிகளுட் பலவற்றை ஒரே முடிவுக்குச் செலுத்திற்று. மகவைத் தேடவேண்டியவர் மாதக்கணக்காக வீடுகட்டி மகிழ்ந்திருக்கவும் அது இடங்கொடுத்தது. பாழ்நிலம் இருந்தது, பிரிவின் துயர் நிலைக்கவில்லை.

பாழுலகக் கற்பனைக்கு இயல்பாக வாய்த்த நலன் ஒன்றுண்டு. அதன் நிலம் மனிதர் செய்த செயலொன்றை மறவாத நிலம். அங்கு நடப்போர் தம் செயலும் அந்நிலத்திற் பதியும் என்று அஞ்சி நடக்கக் கற்கின்றனர். மாயவுலகக் கற்பனை இதனை முயன்றே அடையவேண்டும். மோரோவிண்ட் அடைந்தது, பார்தூர்நாக்ஸின் மலையுச்சியில் ஸ்கைரிமும் ஒருமுறை அடைந்தது. திறந்த உலகின் பெருமையை அளத்தற்குரிய கோல் நிலப்பரப்பன்று, அந்நிலத்தின் நினைவாற்றலே. எத்துணைத் தூரம் நடக்கலாம் என்று வினவுவோர்க்கு எல்லா ஆக்கங்களும் விடையளிக்கும். நடந்த அடிச்சுவடு எத்துணைக் காலம் அழியாதிருக்கும் என்று வினவுவோர்க்கு விடையளிப்பன சிலவே. அச்சிலவே மீண்டும் மீண்டும் ஆடப்பெறுதற்கும், ஆராயப்பெறுதற்கும் உரியன.